கூலிக்குச் சடுகுடு ஆடியவர்

அன்றைக்கு எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் மூன்று பேர். மாமா, என் அக்கா, நான். மாமாவோடு சேர்ந்து ஆடின அந்த ஊர்க்காரர்கள் ஆறு பேர். அவர்களைக் கட்டி மேய்த்த சின்ன ஆண்டை. எதிர்ப்பக்கம், பக்கத்து ஊர் ஆட்கள் ஏழு பேர். விசில் ஊத வந்த டிரில் மாஸ்டர். சுற்றி நின்று பார்த்த கூட்டத்தை நான் சேர்க்கவில்லை. அவ்வளவு பேர் பார்த்தார்கள், பிறகு யாரைக் கேட்டாலும் நான் அங்கே இல்லையே என்றார்கள். அதனால்தான் இருந்தவர்கள் யார் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஊர் பேரை எழுத மாட்டேன். என் பேரன் அந்த வழியாகத்தான் ஆட்டோ ஓட்டுகிறான். எனக்கு எதற்கு வம்பு.

மாமா என்றால் அக்கா புருஷன். உத்திரமேரூரை ஒட்டி எங்கள் தெரு. வயல் கூலிதான் அவருக்கு. வரப்பு வெட்டுவது, அறுப்பது, கட்டுத் தூக்குவது, எதற்குக் கூப்பிட்டாலும் போவார். அறுப்பு முடிந்து வயல் காய்ந்தால் இன்னொரு வேலை வரும். வெளியூர்க்காரர் யாராவது சைக்கிளில் வந்து எங்கள் தெரு முனையில் நின்று பெல் அடிப்பார். தெருவுக்குள் வர மாட்டார். பெல் சத்தம் கேட்டதும் மாமா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். எந்த ஊரு, என்றைக்கு, எவ்வளவு. பேச்சு அவ்வளவுதான். புள்ளலூருக்கு ஆடியிருக்கிறார், ராஜகுளத்துக்கு ஆடியிருக்கிறார், தாமல் ஏரிக்கரைவரை போய் ஆடிவிட்டு வந்திருக்கிறார். இப்போது ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிறார்களாம், டிவியில் காட்டினார்கள். மாமாவை எடுக்க ஒரு சைக்கிள் பெல் போதும்.

ஆள் உயரம் இல்லை. கெண்டைக்கால் மட்டும் கருங்கல் மாதிரி இருக்கும். பாடிக்கொண்டு போகும்போது சத்தமாகப் பாட மாட்டார். மற்றவர்கள் தொண்டை கிழியப் பாடுவார்கள், மூச்சு குறையும்போது எதிராளிக்குத் தெரிந்துவிடும். மாமாவின் சடுகுடு ஆரம்பத்திலிருந்தே முணுமுணுப்புதான். மூச்சு இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ தொலைந்துபோன சாமானைத் தேடுகிறவர் மாதிரி எதிர்க்கட்டத்துக்குள் போவார். பார்க்கிறவனுக்கு இவர் ஆட வந்தவரா என்றே சந்தேகம் வரும். அப்புறம் ஒரு உதை. அவ்வளவுதான், கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருப்பார்.

எனக்கு அந்த உதையைவிட அந்தக் காலைப் பற்றித்தான் பயம். நான் நாலாவதோடு படிப்பை விட்டு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கால் முறிந்து மாமா படுத்துவிட்டால் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் யார் சோறு போடுவது? நான்தான். எனக்கே ஒருவேளைதான் முழுதாகச் சாப்பாடு. மாமா ஆடப் போன நாளெல்லாம் சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் போய் நிற்பேன். அவர் இறங்கும்போது முதலில் காலைத்தான் பார்ப்பேன். முகமெல்லாம் அப்புறம்.

ஒரு கீறல் இருக்காது. எத்தனை ஊர், எத்தனை ஆட்டம், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வருவார். எனக்கு அப்பாடா என்று இருக்கும். அக்காவுக்கும் அப்படித்தான். அவருக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிருக்கும்.

"இன்னா ஆட்டம் மச்சான் அது. போறேன், தொடறேன், வரேன். எவனும் பிடிக்கவே மாட்டறான். வெறும் வயல்ல நடந்துட்டு வர மாரி கீது."

எங்கள் தெருப் பையன்களோடு ஆடினால் கதையே வேறு. நாலு பேர் மேலே விழுவார்கள். முட்டி தேயும், உதடு கிழியும், முதுகெல்லாம் நகக்கீறல். அக்கா திட்டிக்கொண்டே மஞ்சள் பத்துப் போடுவாள். மாமா சீட்டியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு அதுதான் ஆட்டம். பிடிக்கிறவன் இருக்க வேண்டும். பிடியை உடைத்துக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொண்டு மூச்சை விட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் சிரிப்பார். பிடிக்காமல் விட்டால்தான் கோபம் வரும்.

வெளியூர் ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் அந்த ஆற்றாமையை என்மேல் தீர்த்துக்கொள்வார். வீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு, "வா மச்சான், வந்து பிடி" என்பார். நான் கணுக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொள்வேன். என்னைத் தெரு நடுவரைக்கும் இழுத்துக்கொண்டு போவார். மூட்டை தூக்கின உடம்புதான் என்னுடையது, ஆனாலும் சாக்கு மாதிரி புழுதியில் போவேன். எதிர்வீட்டு அத்தைக்கு அதைப் பார்த்தால் போதும்.

"இன்னாடா, மாமன் கால வுடவே மாட்டறே. அக்காவ அனுப்சிடாதன்னு கெஞ்சிக்கினு கீறியா?"

தெருவே சிரிக்கும். மாமா அப்போதுதான் சிரிப்பார்.

ஏன் தன்னைப் பிடிக்க மாட்டேன் என்கிறார்கள் என்பதற்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். தன்னுடைய உதைக்குப் பயப்படுகிறார்கள். உள்ளே போனதும் எதிராளிகள் பின்கோட்டை ஒட்டிப் பதுங்குவதும், சில பேர் கோட்டைத் தாண்டி வெளியே போய்த் தாங்களாகவே அவுட் ஆவதும் அந்தப் பயத்தால்தான். வழக்கமாக மூச்சு விட்டவனை ஓடிப்போய்த் தொட்டால்தான் அவுட். மாமா ஆடுகிற ஆட்டங்களில் மட்டும் தொட வேண்டாம், விசில் அடித்தால் போதும் என்றார்கள். புது ரூல் வந்திருக்கிறது என்றார் என்னிடம். ஆட்டம் முடிந்ததும் எதிராளிகள் ஏழு பேரும் போய் ஏரியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வேர்வைக்குக் குளிக்கிறார்கள் என்றார். மற்ற ஆட்டக்காரர்கள் பனியனைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மாமாவை மட்டும் நீயே வைத்துக்கொள் என்பார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். எங்கள் வீட்டுக் கொடியில் பச்சை, சிவப்பு, நீலம் என்று தொங்கும். எவ்வளவு பெரிய மரியாதை பார் என்று அதைக் காட்டிக்கொண்டே இருப்பார்.

உலகம் தெரியாதவர் இல்லை மாமா. டீக்கடையில் எங்களுக்கென்று தனிக் கிளாஸ் தொங்கினது அவருக்குத் தெரியாதா? கூலியை மேலேயிருந்து துண்டில் போடுவார்கள், அது தெரியாதா? எல்லாம் தெரியும். சுண்ணாம்புக் கோட்டுக்குள் மட்டும் அது வராது என்று நம்பினார். "கோட்டுக்குள்ள அதெல்லாம் கெடையாது மச்சான்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால், அவர்மேலும்தான்.

ஒருமுறை ராஜகுளத்துக்கு ஆடினார். எதிர்ப்பக்கம் எங்கள் ஊர்க்காரர்கள். எங்கள் ஊர் என்றால் எங்கள் தெரு இல்லை, ஊர்த்தெரு. அவர்களை மாமா வழித்து எடுத்துவிட்டார். மறுநாள் களத்தில் நெல் அளக்கும்போது, சொந்த ஊரையே தோற்கடித்தவன் என்று ஏசினார்கள். மாமா மரக்காலைக் கீழே வைத்துவிட்டு, கூப்பிட்ட ஊருக்குத்தான் ஆடினேன், நம்ம ஊரு என்னைக்காவது கூப்பிட்டிருக்கிறதா என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை இல்லை.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நடவுக்குப் போகிற பெண்களுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. ஏன் முழுகுகிறார்கள், ஏன் பனியனைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று வயலில் பேசிச் சிரிப்பார்களாம். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து அந்தப் பனியன்களைத் துவைத்துக் காயப்போடுவாள். நான் ஒருநாள் மாமாவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டதற்கு என்னை முறைத்தாள்.

"வாயத் தொறந்தே, பாரு. வருசம் பூரா வரப்புக்கு இந்தாண்டதான் நிக்கறாரு. அந்த ஒரு எடத்துலயாவது ஆம்பளயா நெனச்சிக்கினு இருக்கட்டும்."

அப்புறம்தான் அந்தக் காணும் பொங்கல் வந்தது. பேர் எழுத மாட்டேன் என்றேனே, அந்த ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் பல வருஷப் பகை. சின்ன ஆண்டை வந்து பெல் அடித்தார். அந்த ஊர்ப் பெரிய வீட்டின் இளைய மகன் அவர். மாமாவைவிடச் சின்னவர், இருந்தாலும் நாங்கள் ஆண்டே என்றுதான் கூப்பிட வேண்டும், அவர் எங்களை வாடா போடா என்பார். இருபது ரூபாய் என்றார். அப்போது ஒருநாள் வயல் கூலி ஒரு ரூபாய், சில இடத்தில் அதுவும் இல்லை. அஞ்சு ரூபாயை அங்கேயே முன்பணமாகத் துண்டில் போட்டுவிட்டுப் போனார். மாமா வெளியூரில் ஆடி அதுவரை பார்க்காதவள், பண்டிகை நாள்தானே, நானும் வருகிறேன் என்று அக்கா கிளம்பிவிட்டாள், துணைக்கு நானும்.

காலையில் அவர்கள் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, மந்தாரை இலையில் இட்லி போட்டார்கள். நல்ல இட்லி, குறை சொல்ல முடியாது. மாமா குஷியாக இருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு பிடிகாரன் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். போன வருஷம் அவன் இடுப்பைப் பிடித்து ஒருத்தனுக்கு எலும்பு நகர்ந்துவிட்டதாம். அதைக் கேட்டதும் நான் மாமாவின் காலைத்தான் பார்த்தேன். மாமாவுக்கு அவனைப் பார்க்கக் கொள்ளை ஆசை. சின்ன ஆண்டை அந்தப் பக்கம் வந்ததும், அவன் நிஜமாகவே அவ்வளவு நன்றாகப் பிடிப்பானா என்று கேட்டார்.

சின்ன ஆண்டைக்கும் அன்றைக்கு நல்ல மனசுதான். சிரித்துக்கொண்டே, பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னார்.

"உன்ன அவன் எங்கடா பிடிக்கப் போறான்? உன்னக் கட்டிப் பிடிச்சிட்டு அவன் வூட்டுக்குள்ள போவ முடியுமா? அதுக்குத்தானே உனக்கு இருவது ரூவா. ஆட்டம் தெரிஞ்சவன் எங்க ஊர்லயே பத்துப் பேர் கீறான்."

அவர் போய்விட்டார். மாமாவின் கை இலையிலேயே இருந்தது. அக்கா தலையைத் தூக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை என்று அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து கை கழுவினார். வீட்டுக்குப் போய்விடலாம் மாமா என்றேன். "முன்பணம் வாங்கிக்கீறேன்" என்றார்.

ஆட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. மாமா பாடிப் போனார், தொட்டார், வந்தார். கூட்டம் கத்தியது. அந்தப் பிடிகாரன் ஆள் வாட்டசாட்டம்தான். மற்றவர்கள் பாடிவந்தால் புலி மாதிரிப் பாய்ந்தான். மாமா போனால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டான். ஒவ்வொரு தடவையும் மாமா அவன் முன்னால் போய்க் காலை நீட்டிக் காட்டினார். காலை வைத்துவிட்டு எடுக்காமல் நின்றார். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக வந்து நின்றது. கடைசிப் பாட்டு மாமாவுடையது. எதிரே மூன்று பேர் பாக்கி, அதில் பிடிகாரனும் ஒருத்தன். யாரையாவது தொட்டுவிட்டு வந்தால் ஜெயம், வெறும் கையோடு மூச்சு விட்டால் தோல்வி. மாமாவுக்கு அது ஒரு வேலையே இல்லை.

போனார். அதே முணுமுணுப்பு. கட்டத்தின் நடுவுக்குப் போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு நிற்கவில்லை. இரண்டு காலையும் நீட்டி, கையை விரித்து வைத்துக்கொண்டு, வந்து பிடி என்று உட்கார்ந்திருந்தார். கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் சத்தம் அடங்கிப்போய், அந்த சடுகுடு சடுகுடு மட்டும் எனக்குக் கேட்டது. உட்கார்ந்திருக்கிற ஆளை ஒரு குழந்தைகூட அமுக்கிவிடலாம். மூன்று பேரும் ஒரு கை தூரத்தில் சுற்றி நின்றார்கள். பிடிகாரன் குனிந்தான். அவன் கை பாதி தூரம் வந்தது, என் கண்ணால் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே நின்ற தன்னுடைய ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். கை திரும்பிப் போய்விட்டது.

அவர்களுக்கு அப்புறம் ஒரு யோசனை தோன்றியிருக்க வேண்டும். பிடிக்க வேண்டியதே இல்லையே. சும்மா நின்றால் போதும், மூச்சு தானாகத் தீரும். மூன்று பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாமாவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு வந்தது. எட்டி ஒருத்தன் காலைத் தொட்டுவிட்டு உருண்டு வந்திருக்கலாம், கடைசிவரைக்கும் அவருக்கு அது முடியும். தொடவில்லை. அக்கா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு தேய்ந்துகொண்டே போய் நின்றது. டிரில் மாஸ்டர் விசில் அடித்தார்.

சின்ன ஆண்டை கட்டத்துக்குள் ஓடிவந்தார். வேண்டுமென்றே தோற்றுவிட்டான், எதிரியிடம் காசு வாங்கிவிட்டான் என்று கத்தினார். அடிப்பதற்குக் கையைக் கூட ஓங்கினார். அடிக்கவில்லை. அடித்தாலும் தொட வேண்டுமே.

மாமா எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு, மீதிக் கூலி என்றார்.

"கூலியா? இன்னாடா ஆடினே நீ?"

"நான் ஆடினேன். அவுங்கதான் ஆடல."

பனியனைக் கழற்றி அங்கேயே கோட்டின்மேல் போட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் அக்கா வழி முழுக்க அழுதுகொண்டு வந்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் கெஞ்சினேன், அக்கா கெஞ்சினாள். மாமா கேட்கவில்லை. வேலை இல்லாத நாளில் எல்லாம் அந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். எங்கேயாவது கட்டிவைத்து உதைத்துவிடப் போகிறார்களே என்று நானும் மில்லில் லீவு சொல்லிவிட்டு, கூலியையும் விட்டுவிட்டுப் பின்னாலேயே போவேன். பெரிய வீட்டுக்கு எதிரே சந்தில் நின்று, "ஆடினதுக்குக் கூலி" என்பார். அவ்வளவுதான். திட்டுவார்கள், நிற்பார். நாயை அவிழ்த்துவிட்டார்கள், நின்றார். நான்தான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வேன்.

ஒருநாள் அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த சம்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள். இவன் யார், என்ன பாக்கி என்று அவர்கள் விசாரித்திருப்பார்கள் போல. சின்ன ஆண்டை வேகமாக வெளியே வந்தார். கையில் நோட்டு இருந்தது. சந்தில் எங்களுக்கு முன்னால் தரையில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

"எடுத்துக்கினு போடா. பேஜாரு புடிச்சவனே."

மாமா அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்தேன். என் புஜத்தைப் பிடித்து நிறுத்தினார். எலும்பு வரைக்கும் வலித்தது.

"கையில குடு" என்றார். குடுங்க ஆண்டே என்று சொல்லவில்லை.

சின்ன ஆண்டையின் முகம் மாறிவிட்டது. அங்கேயே வெட்டிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். வாசலில் சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நகரவில்லை, என்றால் மாமா நகரவில்லை, என்னையும் நகர விடவில்லை. கடைசியில் சின்ன ஆண்டையே குனிந்து, கல்லைத் தள்ளிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் எங்கள் தெரு முனையில் யாரும் பெல் அடிக்கவில்லை. எந்த ஊரும் அவரைக் கூப்பிடவில்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரர். எங்கள் பையன்களோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தார், முட்டியைத் தேய்த்துக்கொண்டு. உத்திரமேரூர் கடைத்தெருவில் சின்ன ஆண்டையைப் பார்த்தால் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் எதிரே போய் நிற்பார். வலது கையை மட்டும் நீட்டுவார். சின்ன ஆண்டை பாதையை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

சில வருஷத்தில் காமாலையில் மாமா போய்விட்டார். கருமாதி முடிந்த வாரம் அந்த வீட்டுப் பண்ணையாள் ஒருத்தன் வந்தான். எங்கள் ஆள்தான், வீட்டுக்குள்ளேயே வந்தான். சின்ன ஆண்டைக்கு மனசு கேட்கவில்லையாம், பணம் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று நீட்டினான். அன்றைக்கு அக்கா வீட்டில் அரிசி இல்லை. எனக்குத் தெரியும், நான்தான் மில்லிலிருந்து நொய் வாங்கிவந்து கொடுத்தேன்.

அக்கா நோட்டைத் தொடவில்லை.

"யார் கையில குட்து அனுப்சாரு? உன் கையிலயா, இல்ல கீழ வெச்சி எடுத்துக்கச் சொன்னாரா?"

அவன் தரையைப் பார்த்தான். அப்படியே கொண்டுபோய் அவரிடமே கொடுத்துவிடு, வந்து என் கையில் கொடுக்கச் சொல் என்றாள். அவன் போனான். அவர் வரவில்லை.

அக்காவும் இப்போது இல்லை. பாக்கி, பதினைந்து ரூபாய்.